படிக்குக் கீழே பதின்மூன்று வௌவால்

என்னோட வேலை செய்த பரீதாவைப் பற்றி நல்லதா நாலு வார்த்தை எழுதித் தாங்கோ எண்டு கீர்த்தனி மிஸ் கேட்டவ. அவ கம்பஸில வௌவாலைப் பற்றிப் படிப்பிக்கிறவ. ஏதோ புத்தகம் போடுறாவாம், அதில பரீதாவின்ர படமும் வருமாம். நான் சொன்னன், மிஸ், நல்லது மட்டும் வேணுமெண்டா வேற ஆளைப் பிடியுங்கோ, எனக்கு அவளில ஆறு வருசமா எரிச்சல், அதையும் சேத்து எழுத விட்டீங்களெண்டா எழுதுறன். அவ சிரிச்சுப்போட்டு, எழுதுங்கோ அக்கா எண்டிட்டா. சிரிச்சவ இப்ப வாசிச்சுப் பாக்கட்டும்.

என்ர பேர் கமலேஸ்வரி. ஊர் கப்பல்துறை. எங்கட ஊரில இருந்து சீனக்குடாப் பக்கம் போகேக்க காட்டுக்குள்ள ஒரு மேடு இருக்கு. வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில துறைமுகத்துக்கு வெடிமருந்து ஒளிச்சு வைக்க அந்த மேட்டைக் குடைஞ்சு போட்டான். ஏழு சுரங்கம். உள்ளுக்கு மரத்தூண் குடுத்து, வெளியில கல்லால வாசல் கட்டி வச்சவன். அவன் போய் எத்தினையோ வருசம். தூண் உக்கினால் மேல இருக்கிற நிலம் என்ன செய்யும், இறங்கத்தான் செய்யும். ஒருநாள் மேட்டுக்கு மேலால போன மண் லொறியின்ர பின் சில்லு அப்பிடியே நிலத்துக்குள்ள போட்டுது. அதுக்குப் பிறகுதான் அரசாங்கக் கந்தோர்க்காரர் வந்தவை. ஆறு சுரங்கத்தை மணலும் சீமெந்தும் கரைச்சு ஊத்தி மூடுறது, மூண்டாம் சுரங்கத்தில ஆயிரக்கணக்கா வௌவால் இருக்கிறபடியால் அதை மட்டும் விடுறது, வேலை முடியும் வரைக்கும் நிலம் எவ்வளவு இறங்குது எண்டு அளந்துகொண்டே இருக்கிறது. இதுதான் அவையின்ர திட்டம்.

அளக்கிற ஆள் நான். பதினொரு வருசம். முதல்ல பத்தை வெட்டுற கூலியாத்தான் போனனான். அளக்க வந்த ஐயாவுக்குக் கண் மங்கல். அவர் அடிக்கடி, பிள்ளை, இந்த நம்பர் என்னெண்டு பார் எண்டு என்னைக் கூப்பிடுவார். பாத்துப் பாத்து நானே பழகிட்டன். மேடு முழுக்க நாப்பத்திரண்டு இரும்பு முளை அடிச்சுக் கிடக்கு. முக்காலியில கருவியை நிப்பாட்டி நான் குழாயுக்குள்ளால பாக்க, மற்ற ஆள் ஒவ்வொரு முளையிலும் அளவுகோலைப் பிடிக்க வேணும். எல்லா அளவும் தொடங்கிறது பழைய காவல் வீட்டு வாசல்படியில. அந்தப் படியில ஒரு பித்தளைக் குமிழ் பதிச்சிருக்கு. அது அசையாது எண்டுதான் கணக்கு. மற்றதெல்லாம் அதில இருந்து எவ்வளவு கீழ, எவ்வளவு மேல எண்டு பாக்கிறது. ஏதாவது பத்து மில்லிமீற்றருக்கு மேல இறங்கினா அண்டைக்கே எஞ்சினியருக்குச் சொல்ல வேணும். மறைச்சா வேலை இல்லை. அது எழுத்திலேயே கிடக்கு.

எனக்குக் கோல் பிடிச்ச பெடியள் ஒருத்தனும் நிலைக்கேல்லை. வெயில் எண்டுவான், அட்டை எண்டுவான், அடுத்த மாசம் கட்டாருக்குப் போடுவான். அப்பதான் பரீதா வந்தவள். கிண்ணியா ஆள். அப்ப நாப்பது வயசு. புருசன் ஜமால்தீன் வெளிநாட்டில, முதல் ரெண்டு வருசம் காசு வந்தது, பிறகு ரெலிபோன் மட்டும் வந்தது, பிறகு ஒண்டும் வரேல்லை. பள்ளிக்கூடம் போற மகள் ஒருத்தி, ரிஸ்னா. பரீதா கண்டி ரோட்டில பஸ் நிக்கிற இடத்தில சோத்துப் பார்சல் விப்பாள். மீன் குழம்பு அப்பிடி இருக்கும், அதைச் சொல்லத்தான் வேணும். ஒரு நாள் மழையில பார்சல் எல்லாம் நனைஞ்சு அவள் அழுதுகொண்டு நிக்க, நான்தான் கூட்டிக்கொண்டு போய் கந்தோரில விட்டனான். கோல் பிடிக்க ஒரு ஆள் வேணுமெல்லோ, இவவை எடுங்கோ எண்டு சொன்னனான். என்ர கையால வாங்கிக் கட்டின வினை.

கோல் பிடிக்கிறதில ஒரு குறை சொல்ல ஏலாது. கல்லுமாதிரி நிப்பாள். நுளம்பு கடிச்சாலும் கை அசையாது. முதல் வருசம் எங்களுக்குள்ள ஒரு குறையும் இல்லை. அவள் சோறு கொண்டருவாள், நான் சொதி கொண்டு போவன், ரெண்டுபேரும் காவல் வீட்டில இருந்து சாப்பிடுவம்.

பிறகு வந்தது இந்த வௌவால் கதை. கீர்த்தனி மிஸ் முதல் முறை வந்து, மூண்டாம் சுரங்கத்தில எத்தினை வௌவால் இருக்கும் எண்டு எல்லாரையும் கேட்டவ. ஒருத்தன் ஆயிரம் எண்டான், ஒருத்தன் லட்சம் எண்டான். நான் எனக்குத் தெரியாது, நான் நிலத்தைத்தான் பாக்கிறனான் எண்டன். பரீதா பின்னுக்கு நிண்டு மெல்லமாச் சொன்னாள், நேத்து நாலாயிரத்து முந்நூத்திப் பதினெட்டு, முந்தநாள் கொஞ்சம் குறைவு எண்டு. எல்லாரும் திரும்பிப் பாத்தினம். அவள் கிண்ணியா பஸ் வரும் வரைக்கும் பின்னேரம் காவல் வீட்டுப் படியில குந்தியிருந்து சும்மா எண்ணியிருக்கிறாள். வீட்டில சும்மா கிடந்த ஒரு பழைய தஸ்பீஹ், ஓதி எண்ணுற மாலை, தொண்ணூத்தொன்பது மணி. இடது கை விரலில பத்து வௌவால் எண்ணினால் வலது கையால ஒரு மணி தள்ளுவாள். மிஸ் கமெரா வச்சு எண்ணிப் பாத்தவ. ஏழு வௌவால்தான் வித்தியாசம். அதுவும் கமெராவின்ர பிழை எண்டு பிறகு தெரிஞ்சுது.

அண்டையில இருந்து அவளைத் தலைக்கு மேல தூக்கி வச்சு ஆடத் தொடங்கிட்டினம். சுரங்க வாசலுக்குக் கம்பிக் கதவு போடேக்க, கம்பியை நேரா நிப்பாட்டினால் வௌவால் செட்டை அடிபடுது, குறுக்கால படுக்க வையுங்கோ எண்டு சொன்னதும் அவள்தான். கதவைக் கழட்டித் திரும்பப் போட்டவை. ரீவீக்காரர் வந்தவை. கந்தோர்க் கலண்டரில மே மாசம் அவள். வௌவால் உம்மா எண்டு பேர் வச்சாச்சு. கந்தோருக்கு ஆர் வந்தாலும் முதல் கேள்வி, அந்த எண்ணுற மனிசி எங்கை?

எனக்கு வயிறு எரியாதோ? நாப்பத்திரண்டு முளை, பதினொரு வருசம், வெயில், மழை, அட்டை, விசர் யானை. நான் குழாயுக்குள்ளால பாத்த நிலத்தை ஆரும் படம் பிடிக்க வரேல்லை. நிலத்தில என்னத்தைப் படம் பிடிக்கிறது, அது சும்மா கிடக்கும். ரீவீயில வந்த அண்டைக்கு நான் வீட்டில கறிச்சட்டியை அடுப்பில இருந்து இறக்கின சத்தம் கேட்டு இவர், என்ர மனிசன் குலசிங்கம், கதிரையில இருந்துகொண்டு கேட்டார், உனக்கு வௌவாலிலயும் பொறாமையே எண்டு. ஓம் எண்டன். பொய் சொல்லி என்ன.

அவளுக்கு ஒரு பெருமையும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். பெருமை அடிச்சாளெண்டா நாலு கதை கேட்டு விடலாம். காலமை வந்து அதே கோலைத் தூக்கிக்கொண்டு, எந்த முளை அக்கா எண்டு கேப்பாள். வௌவால் வெளிக்கிடுறதும் மஃரிப் நேரமும் ஒண்டா வரும். எண்ணி முடிச்சு உடனே காவல் வீட்டுக்குள்ள தொழுவாள். மழைக்கு வௌவால் வெளிக்கிடாட்டி கொப்பியில ‘எண்ணேல்லை’ எண்டு எழுதுவாள். ஊகிச்சு ஒரு நம்பர் போட்டுவிடு எண்டு ஒருநாள் பகிடிக்குச் சொன்னன். அவள் என்னை ஏதோ களவெடுக்கச் சொன்ன மாதிரிப் பாத்தாள். காணாததை எப்படி அக்கா எழுதுற எண்டாள்.

போன வருசம் கந்தோருக்கு ஒரேயொரு நிரந்தர வேலை வந்தது. கள உதவியாளர். மாசச் சம்பளம், பென்சன் எல்லாம். நாங்கள் ரெண்டுபேரும் நாள் கூலி. ரெண்டுபேரும் போட்டம். வயசெல்லை ஐம்பத்தைஞ்சு. எனக்குப் பங்குனியில ஐம்பத்தைஞ்சு முடியுது, அதுக்குப் பிறகு என்னை ஆர் எடுக்கிறது? இவருக்குப் பாரிசவாதம் வந்து நாலு வருசம். பரீதாவுக்கு நாப்பத்தாறுதான், அவள் அடுத்த முறை எடுக்கலாம். இதெல்லாம் நியாயமா எனக்குப் பட்டது. கந்தோருக்கு அப்பிடிப் படாது எண்டும் தெரியும். கலண்டரில வந்த மனிசியை விட்டிட்டு என்னை எடுப்பினமே.

நேர்முகப் பரீட்சை நவம்பர் பத்தொன்பதாம் திகதி எண்டு கடிதம் வந்தது. ஒக்டோபர் கடைசியில ஒரு காலமை பரீதா கோலைச் சாத்திப்போட்டு வந்து சொன்னாள்.

“அக்கா, நேத்து மஃரிபுக்கு இந்தப் படிக்குக் கீழே இருந்து வௌவால் வந்திச்சு. பதின்மூண்டு. அந்தா, அந்த மூலை வெடிப்பால.”

நான் சிரிச்சன். “படிக்குக் கீழ என்ன சுரங்கமே இருக்கு? மூண்டாம் சுரங்கத்தால வந்து திரும்பிப் போயிருக்கும்.”

“இல்ல அக்கா. உள்ளுக்க இருந்துதான் வந்திச்சு. நான் குனிஞ்சு பாத்தேன். காத்து வருது.”

“எஞ்சினியர் சேரிட்டச் சொன்னனியோ?”

“நான் ஏன் சொல்ற? நிலம் உங்கட வேலை. உங்களுக்கிட்டத்தான் சொல்ல வேணும்.”

“சரி, நான் சொல்லுறன்” எண்டன்.

சொல்லேல்லை. பொறாமைக்காரிக்கு வாற முதல் நினைப்பு என்ன தெரியுமோ, பார், வௌவாலையும் பிடிச்சிட்டு இப்ப என்ர நிலத்தையும் பிடிக்கப் போறாள் எண்டதுதான். அடுத்த கலண்டரில படியோட நிப்பாள். ரெண்டாவது நினைப்புத்தான் படியைப் பற்றி வந்தது. அது வந்த நேரம் மூண்டு வருசக் கொப்பியையும் எடுத்துப் புரட்டினன்.

ஏனெண்டு சொல்லுறன். மூண்டு வருசமா சில முளையள் மேல எழும்பின மாதிரி நம்பர் வரும். ரெண்டு மில்லிமீற்றர், மூண்டு மில்லிமீற்றர். முதல் முறை வந்தபோது முந்தி இருந்த எஞ்சினியரிட்டக் காட்டினனான். நிலம் என்ன அப்பத்துக்குக் கரைச்ச மாவே புளிச்சுப் பொங்க எண்டு எல்லாருக்கும் முன்னால கேட்டுச் சிரிச்சார். எனக்குப் பெரிய வெக்கமாப் போச்சு. அதுக்குப் பிறகு எழும்பின நம்பர் வந்தா நான் சைபர் போட்டு விடுவன். என்ர கண் பிழை எண்டு நினைச்சன். நிலம் எழும்பாதுதான். ஆனா நாங்கள் நிண்டு அளக்கிற படி இறங்கினா மற்றதெல்லாம் எழும்பின மாதிரித்தானே தெரியும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். நான் சைபர் போட்டுப் போட்டு மூடி வச்சிருக்கிறன்.

முப்பத்தோராம் திகதி காலமை, கருவி சரியோ எண்டு பாப்பம் வா எண்டு பரீதாவைக் கூட்டிக்கொண்டு கண்டி ரோட்டுக்குப் போனன். அங்கை ரோட்டோரத்தில பாறையில ஒரு பழைய அளவைக் கல் இருக்கு, அது நல்ல உறுதி. அதில இருந்து அளந்துகொண்டு படிக்கு வந்தம். அரை மைல், பதினொரு தரம் முக்காலியை மாத்தி வச்சம். கடைசியா அவள் படியில பித்தளைக் குமிழுக்கு மேல கோலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். நான் குழாயுக்குள்ளால பாக்கிறன். ரெண்டு தரம் பாத்தன். கூட்டிக் கழிச்சன். பழைய கணக்கில இருந்து படி முப்பத்திநாலு மில்லிமீற்றர் கீழ. ரெண்டு விரல் அகலம். குழாயுக்குள்ள அவளின்ர செருப்பும் தெரியுது.

“எவ்வளவு அக்கா?” எண்டு அங்கையிருந்து கேட்டாள்.

“ஒண்டுமில்லை. சரியாத்தான் கிடக்கு.”

நம்பரைத் துண்டுத்தாளில எழுதி மடிச்சுச் சட்டைக்குள்ள வச்சன். கொப்பியில எழுதேல்லை. இப்ப சொன்னா என்ர மூண்டு வருசச் சைபர் எல்லாம் வெளியில வரும், பரீதா கண்டுபிடிச்சது எண்டும் வரும், வேலை அவளுக்குத்தான். இன்னும் பத்தொன்பது நாள். நேர்முகம் முடிய அண்டைக்கே சொல்லுவன். இத்தினை வருசம் நிண்ட படி பத்தொன்பது நாள் நிக்காதோ எண்டு நினைச்சன். எழுதேக்க எனக்கே அருவருப்பாக் கிடக்கு, ஆனா அப்பிடித்தான் நினைச்சனான்.

மழை பிடிச்சிட்டுது. பின்னேரம் அஞ்சரைக்கு அவள் குடையைப் பிடிச்சுக்கொண்டு அந்தப் படியில போய்க் குந்துவாள். சுரங்க வாசலும் வானமும் ஒண்டாத் தெரியுறது அந்த இடத்தில மட்டும்தான். நான் முந்தியெல்லாம் நாலரை பஸ்ஸில வீட்ட போற ஆள். இப்ப போக ஏலாமல் கிடக்கு. ஒருநாள் சொன்னன்,

“பரீதா, அந்தப் படியில இராதை. சுருட்டைப் பாம்பு ஒண்டு உள்ளுக்குப் போனதைக் கண்டனான்.”

“அது அங்கதான் கிடக்கும் அக்கா. வௌவால் குஞ்சு திங்க வந்திருக்கும். நான் கால மேல தூக்கி வச்சுக்கிறேன்.”

பாம்புக்கும் பயமில்லாத பிறவி. நான் அடுத்த நாள் படியில தார் ஊத்தி விட்டன், சிந்திப்போச்சு எண்டு சொல்லி. அவள் சாக்கு விரிச்சுக்கொண்டு அதில இருந்தாள். நான் எட்ட நிண்டு அவள் எண்ணுறதைப் பாத்துக்கொண்டு நிப்பன். என்ர மனசுக்குள்ள என்ன நடந்தது தெரியுமோ. இவள் எழும்பிப் போகவேணுமே கடவுளே எண்டு ஒரு பக்கம். இவள் ஏன் இப்பிடி ஒரு வௌவாலும் விடாமல் எண்ணுறாள் எண்டு மற்றப் பக்கம். ரெண்டும் ஒரே நேரத்தில. சாப்பாடு இறங்காமல் மெலிஞ்சு போனன். இவர் டொக்டரிட்டப் போ எண்டார்.

பத்தொன்பதாம் திகதி ரெண்டுபேரும் ஒரே பஸ்ஸிலதான் ரவுணுக்குப் போனம். அவள் மெல்லிய நீலத்தில புது அபாயா. பெரிய கந்தோரில ஒரே வாங்கில பக்கத்தில பக்கத்தில இருந்தம். அவளைத்தான் முதல்ல கூப்பிட்டவை. அரை மணித்தியாலம். வெளியில வந்து, அக்கா, நல்ல ஆக்கள், பயப்பட வேணாம் எண்டாள். எனக்கு நல்ல கோவம். எனக்கு என்ன பயம்?

உள்ளுக்கு மூண்டு பேர். ஒருத்தர் எங்கட எஞ்சினியர் வினோதன் சேர், நல்ல பெடியன், ரவுண் ஆள். மற்ற ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாது. வினோதன் சேர்தான் கேட்டார்.

“அக்கா, வௌவால் இடம் மாறினா என்ன செய்வீங்கள் எண்டு பரீதாவைக் கேட்டம். காவல் வீட்டுப் படிக்குக் கீழ இருந்து பதின்மூண்டு வந்ததாம். உங்களுக்குச் சொன்னவவாம். நீங்கள் ரோட்டுக் கல்லில இருந்து அளந்து பாத்தனீங்களாம். இதெல்லாம் கமலேஸ்வரி அக்காவின்ர வேலை, நான் கோல்தான் பிடிச்சேன் எண்டு சொல்லுறா. அளந்து என்ன வந்தது?”

மூண்டு பேரும் என்னைப் பாக்கினம். ஒண்டுமில்லை எண்டு சொல்ல வாய் வந்தது. ஆனா பின்னேரம் அவள் போய் அந்தப் படியில இருப்பாள், அது எனக்குத் தெரியும். நம்பரை மறைக்க ஏலேல்லை.

“முப்பத்திநாலு மில்லிமீற்றர் இறங்கியிருக்கு சேர்.”

வினோதன் சேர் கதிரையில நிமிந்தார். “எப்ப அளந்தனீங்கள்?”

“நேற்று” எண்டன்.

அந்த ஒரு சொல்லு அப்பிடி வழுக்கிக்கொண்டு வந்தது. மற்ற ரெண்டு பேரும் தலையாட்டினம். ஒருத்தர், அப்ப தொடக்கப் புள்ளியையே சந்தேகப்பட்டுத் திரும்ப அளந்திருக்கிறீங்கள், படிச்ச ஆக்களே இதைச் செய்யிறேல்லை எண்டார். பதினொரு வருசத்தில என்னை ஒருத்தர் அப்பிடிச் சொன்னது அதுதான் முதல் தரம். எனக்குக் கண் கலங்கிட்டுது. பொய்க்குக் கிடைச்ச புகழ் எண்டு தெரியும், இனிக்கத்தான் செய்தது.

வினோதன் சேர் உடனே எங்களை ஜீப்பில ஏத்திக்கொண்டு மேட்டுக்கு வந்தார். படியைச் சுத்திக் கயிறு கட்டுவிச்சார். பிறகு சொன்னார், அக்கா, அந்த அளவைக் கொப்பியில ஒழுங்கா எழுதித் தாங்கோ, நேற்றையத் திகதி போட்டு, அளந்த ஆளும் கோல் பிடிச்ச ஆளும் கையெழுத்து வச்சு. நான் இண்டைக்கே அனுப்பினா உங்களுக்கு நல்லது. சொல்லிப்போட்டு ரெலிபோனில கதைக்க வெளியில போட்டார்.

காவல் வீட்டு மேசையில நானும் பரீதாவும். நான் எழுதினன். முப்பத்திநாலு. நவம்பர் பதினெட்டு. என்ர கையெழுத்தை வச்சுப்போட்டுக் கொப்பியை அவளிட்டத் தள்ளினன். அவள் அந்தத் திகதியில விரலை வச்சாள்.

“அக்கா, நேத்து நான் கிண்ணியாவில. ரிஸ்னாவைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. நான் லீவு.”

எனக்கு அந்த நினைப்பே இல்லை. பொய் சொல்லேக்க அவள் லீவு எண்டது மறந்தே போச்சு.

“அண்டைக்கு அளந்தது முப்பத்தொண்டாந் திகதி” எண்டாள். “அண்டைக்கே முப்பத்திநாலா?”

அவள் விளங்காத ஆள் இல்லை. படியைத் திரும்பிப் பாத்தாள். தார், சாக்கு, எல்லாத்தையும் பாத்தாள். இப்ப ஏசப் போறாள் எண்டு நினைச்சன். ஏசினா நானும் ஏசியிருப்பன், அதுக்குத் தயாராத்தான் நிண்டனான். அவள் ஏசேல்லை. பேனையை எடுத்துக் கையெழுத்து வச்சாள். பிறகு பையில இருந்து தன்ர வௌவால் கொப்பியை எடுத்தாள். பதினெட்டாம் திகதிக்கு நேரே ‘லீவு, எண்ணேல்லை’ எண்டு கிடக்கு. சேர் ரெண்டு கொப்பியையும் ஒண்டா வச்சுப் பாத்தா அகப்பட்டிருவம் எண்டு அவளுக்கு உடனே விளங்கியிருக்கு. அந்த ரெண்டு சொல்லையும் வெட்டினாள்.

“நீங்கதானே என்னைக் கொண்டு வந்து விட்டீங்க” எண்டாள். பேனையை அந்த வரிக்கு மேல பிடிச்சாள். “எத்தினை எண்டு எழுதட்டும் அக்கா?”

நான் கொப்பியைப் பறிச்சன். பேனை அவளின்ர கையில கீறிப்போட்டுது. ரெண்டு கொப்பியையும் தூக்கிக்கொண்டு வெளியில போய் வினோதன் சேரின்ர ரெலிபோன் கதை முடிய முன்னமே சொன்னன். நேற்று இல்லை சேர், பத்தொன்பது நாளைக்கு முதல். மறைச்சனான். முந்தி மூண்டு வருசம் சைபர் போட்டதும் நான்தான். பரீதாவுக்கு ஒண்டும் தெரியாது, நான் சொல்லித்தான் கையெழுத்து வச்சவள். அவர் ரெண்டு கொப்பியையும் வாங்கிக்கொண்டு போட்டார். பெடியனின்ர முகம் செத்துப் போச்சு.

மூண்டாம் நாள் மழையில அந்தப் படியும் காவல் வீட்டு முன்சுவரும் உள்ளுக்குப் போட்டுது. கீழ எட்டாவதா ஒரு சுரங்கம், வெள்ளைக்காரன்ர வரைபடத்தில இல்லாதது. பின்னேரம் ஆறு மணிக்கு விழுந்ததாம்.

மாசக் கடைசியோட என்னை நிப்பாட்டினவை. வேலை பரீதாவுக்கு. கடிதம் வந்த அண்டைக்கு அவள் எங்கட வீட்டுக்கு வந்தவள். மீன் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு. கடிதத்தை என்ர கையில தந்து வாசிக்கச் சொன்னாள். வாசிச்சன். நிரந்தரம், பென்சன், எல்லாம் இருக்கு. வயிறு பத்தி எரிஞ்சுது. திருந்திட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு ஆரும் இதை வாசிக்க வேண்டாம்.

“கோவமா அக்கா?”

“ஓம். எரியுது.”

“தெரியும்” எண்டாள். இவருக்கும் எனக்கும் சோத்தைப் போட்டாள். கரண்டியைக் கீழ வச்சிட்டுக் கேட்டாள். “அண்டைக்கு ஏன் அக்கா கொப்பியைப் பறிச்சீங்க? நான் எழுதித்தான் இருப்பேன்.”

“எழுதியிருப்பாய்” எண்டன். “அதுதான் பறிச்சனான்.”